செம்புக் குழாய்

அவன் பல் தேய்த்தான், காபி குடித்தான், பழைய காரைத் துடைத்தான்.

“பிரேக் எண்ணெய்க்குப் போய் வெறும் செம்புக் குழாயா? அதிர்ந்து அதிர்ந்து விரிசல் விட்டுடும். நிக்கல் கலந்ததைப் போடுங்கன்னு எத்தனை தடவை கத்துறது?” மனைவி டிபன் பாக்ஸை ஓங்கி மூடினாள்.

“செம்புதான் பளபளன்னு இருக்கு. இன்னைக்குச் சான்றிதழ் கிடைச்சாத்தான் நாளைக்குப் பழைய கார் ஊர்வலம். வாயை வைக்காதே.”

“தேறாது.”

“தேறும். இன்ஸ்பெக்டர் நமக்கு வேண்டியவங்க.”

வாகனச் சோதனைக் கூடத்தில் இன்ஸ்பெக்டர் காருக்கு அடியில் படுத்து, டார்ச் அடித்துப் பார்த்தார். எழுந்து, தாளில் சிவப்பு முத்திரையைக் குத்தினார்.

“ஏம்மா, கட்டின புருஷன்னுகூடப் பார்க்கமாட்டியா?” அவன் பல்லைக் கடித்தான்.

சீருடையில் ஒட்டிய புழுதியைத் தட்டிவிட்டு மனைவி சொன்னாள்:

“எனக்கு இருக்கிறது ஒரே ஒரு புருஷன். கார் இங்கேயே நிக்கட்டும். நீங்க பஸ்ல போங்க.”