பன்னிரண்டு வருடங்களில் முதல் தோட்டா

தோட்டாக் காப்பகத்தில் அன்று எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள். உரிமம் பெற்ற துப்பாக்கிகளை வருடாவருடம் சுடவைத்து, தோட்டாவில் விழும் கீறல்களைச் சேர்த்துவைத்த இயந்திரம், பன்னிரண்டு வருடங்களில் முதன்முறையாக ஒரு கொலைகாரனின் பெயரைச் சொல்லியிருந்தது. பொன்னுரங்கன். காந்திமதியின் புருஷன்.

காந்திமதி லட்டைத் தொடவில்லை. மஞ்சள் பையிலிருந்து ரசீதை எடுத்து, காப்பக அதிகாரியின் மேசைமேல் அறைந்தாள்.

“எலெக்சனுக்கு முன்னாடியே துப்பாக்கிய ஸ்டேஷன்ல ஒப்படைச்சாச்சு சார். கொலை நடந்தன்னிக்கு அது போலீஸ்கிட்டதான இருந்துச்சு? தேதியப் பாருங்க.”

அதிகாரி பார்த்தார். “ரசீது சரிதாம்மா. மெஷின்ல ரசீதுக்கு இடம் இல்லியே.”

“மெஷினுக்கு இல்ல. உங்களுக்குக் கண்ணு இருக்குல்ல?”

அவர் குரலைத் தாழ்த்தினார். “அடுத்த வாரம் சென்னையிலேர்ந்து ஆய்வுக் குழு வருது. கோடி கோடியாக் கொட்டி என்னத்தக் கிழிச்சீங்கன்னு கேப்பாங்க. காட்டறதுக்கு எங்ககிட்ட இது ஒண்ணுதாம்மா இருக்கு.”

“எது சார்? எம் புருஷனா?”

அவர் லட்டுத் தட்டை ஓரமாகத் தள்ளிவைத்தார்.

வெளியே, காட்டுப்பன்றி விரட்டும் துப்பாக்கிகளோடு விவசாயிகள் இந்த வருடச் சோதனைக்கு வரிசையில் நின்றிருந்தார்கள். காந்திமதி அவர்கள் முன்னால் போய் நின்றாள்.

“யோக்கியமா இந்த வரிசையில வந்து நின்னதாலதான்யா எம் புருஷன் இன்னிக்கி ஜெயில்ல இருக்காரு. கள்ளத்துப்பாக்கிக்காரன் ஒருத்தனாச்சும் இங்க நிக்கிறானா?”

வரிசையின் கடைசியில் நின்றவர் துப்பாக்கியைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஊரைப் பார்த்து நடந்தார். அவரைப் பார்த்து, அவருக்கு முன்னால் நின்றவரும்.