உள்ளே போன கசப்பு

அவள் இன்றைக்கு உடனே துப்பவில்லை. வாயிலேயே வைத்துக்கொண்டு யோசித்தாள்.

சளி கசந்தது.

பன்னிரண்டு வருடமாக இருமுகிறவள். பிறவியிலேயே வந்த நோய். நுரையீரலில் சளி பசையாய்க் கட்டும், அதில் கிருமி குடியேறும், மூச்சுக்குழாய் வீங்கும். தன் சளியின் ருசி அவளுக்குத் தெரியாதா? உப்பு. வியர்வைகூட மற்றவர்களைவிட உப்பு.

கசப்பு எங்கிருந்து வந்தது?

கிண்ணத்தில் துப்பினாள். முதுகைத் தட்டிக்கொண்டிருந்த அப்பா மயில்சாமியின் கை நின்றது.

மேசையில் நெபுலைசர். பக்கத்தில் காலி மருந்துக்குப்பி. கிருமியைக் கொல்ல, காலையில் முதல் வேலையாக அவள் புகையாய் இழுத்த மருந்து. குப்பியைக் கவிழ்த்தாள். கடைசிச் சொட்டை விரலில் வாங்கி நாக்கில் வைத்தாள்.

அதே கசப்பு.

"உள்ள போன மருந்து வெளிய வந்துருதுங்கப்பா."

நர்ஸ் எழுதித் தந்த காகிதம் சுவரில் இருந்தது. முதலில் உப்புத்தண்ணீர்ப் புகை. அப்புறம் முதுகைத் தட்டிச் சளி எடுப்பது. கடைசியில் மருந்து.

வரிசையை மாற்றியது மயில்சாமிதான். வீட்டை ஒட்டி எட்டு விசைத்தறி ஓட்டுகிறவர், கரண்டை நம்பவே மாட்டார். ஒருநாள் பாதி மருந்தில் கரண்ட் போய்விட்டது. அதிலிருந்து, கரண்ட் இருக்கும்போதே மருந்துதான் முதலில். பெரிய கெட்டிக்காரர்! மூன்று மாதமாக மருந்தைக் கொடுத்துவிட்டு, தட்டித் தட்டி அதையும் சேர்த்தே வெளியே எடுத்திருக்கிறார்.

ஆஸ்பத்திரிக் கருவியில் அவள் ஊதிக் காட்டும் மூச்சின் அளவு நூற்றுக்கு எழுபதிலிருந்து ஐம்பத்தெட்டுக்கு இறங்கியிருந்தது. இன்னும் இறங்கினால் ஆஸ்பத்திரியில் சேர்த்து இரண்டு வாரம் ஊசி என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மயில்சாமி காகிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கண் கலங்கிவிட்டது.

மறுநாள் காகிதத்தில் உள்ளபடி. உப்புத்தண்ணீர். தட்டல். கிண்ணம் நிறையச் சளி. கடைசியில் மருந்து. அதைப் போட்டுக் கொடுத்துவிட்டு அவர் தறியைப் பார்க்கப் போனார்.

பாதிக் குப்பிதான் போயிருக்கும். தறிச்சத்தம் பட்டென்று நின்றது.

போச்சு, கரண்ட். அவள் திரும்பிப் பார்த்தாள்.

ஆனால் நெபுலைசரின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. புகையும் வந்துகொண்டுதான் இருந்தது.

மயில்சாமி உள்ளே வந்தார். கரண்ட் இருக்கும்போது அவர் எட்டுத் தறியையும் நிறுத்தி அவள் பார்த்ததே இல்லை.

பின்னால் உட்கார்ந்து, அவள் முதுகில் காதை வைத்தார்.

"இழு கண்ணு."

இழுத்தாள். இருமல் வரவில்லை.