இடுப்பளவு

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் தாமோதரனுக்குக் கடையில் வாங்கிய பைஜாமா எதுவும் இடுப்பில் நிற்கவில்லை. மனைவி குணவதிதான் எலாஸ்டிக் வைத்து வீட்டிலேயே தைத்துக் கொடுக்கிறாள். அளவெடுக்கும்போதெல்லாம் அவர் மூச்சை இழுத்துப் பிடித்து வயிற்றை உப்ப வைப்பார். "பாத்தியா, போன தடவை அளவேதான்" என்பார். அவளும் தலையாட்டிவிட்டு எலாஸ்டிக்கைக் கொஞ்சம் குறைத்தே வெட்டுவாள்.

இன்று அவர் சும்மா நின்றார். போன தடவை அளவுக்கு இடுப்பைச் சுற்றிப் பிடித்த எலாஸ்டிக்கின் நுனிகள் ஒன்றையொன்று தாண்டி எங்கேயோ போயின.

"மூச்சை இழுத்துப் பிடிங்களேன்" என்றாள்.

"போதும் விடு" என்று சிரித்தார்.

எலாஸ்டிக்கின் நுனியில் ஊக்கைக் குத்தி, இடுப்பு மடிப்புக்குள் விட்டு, துணியைச் சுருக்கிச் சுருக்கி மறுபக்கம் இழுத்தாள். இரு நுனிகளையும் சேர்த்துத் தைத்தாள். ஊக்கு நுழைந்த வாயை மட்டும் எப்போதும்போலத் தைக்காமல் விட்டாள். கொஞ்ச நாளில் மறுபடி இறுக்க வேண்டியிருக்கும்.

அவர் வாங்கிப் பார்த்தார். அந்த வாயை விரலால் தடவினார்.

"இதையும் தைச்சு மூடிடு குணா. இனிமே பிரிக்க வேண்டியிருக்காது."

அவள் ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்தாள். கோத்துக்கொண்டே இருந்தாள்.