எட்டு இல்லாத எண்

வத்தேகம டியூஷன் கொட்டகையின் கரும்பலகையில் காலை வெயில் சாய்ந்து விழுகிறது. பிள்ளைகள் உட்காரும் வாங்குகளைத் துடைக்க வந்த நான் எழுதிவைத்த 12345679 என்ற எண்ணைப் பார்த்துச் செபமாலை மாஸ்டர் சிரிக்கிறார். "எட்டுத்தின்னி! வாங்கு தொடைக்க வந்த எடத்திலயும் எட்ட முழுங்கிட்டியா?" ஆறாம் வகுப்பில் எட்டை விட்டு எண்ணியதற்கு அவர் வைத்த பெயர் அது, அதனால்தான் பள்ளிக்கூடத்தை விட்டேன். "எழுபத்திரெண்டால பெருக்குங்க, சேர்," என்கிறேன். பெருக்கிய வரிகளை அவர் வலமிருந்து கூட்டுகிறார். எட்டு விழுகிறது. அடுத்ததும் எட்டு. மூன்றாவது எட்டில் வெண்கட்டி உடைகிறது. பிள்ளைகள் மேசையைத் தட்டி, "எட்டு! எட்டு!" என்று கத்துகிறார்கள். கடைசியில் 888888888 நிற்கிறது; அவருடைய காது சிவந்திருக்கிறது. "அழிச்சிரும்மா," என்கிறார் மெதுவாக. நான் ஈரத்துணியைப் பிழிந்து, வாங்குகளை மட்டும் துடைக்கிறேன்.