முற்றம் இல்லாத பன்னிரண்டு மாதம்

பன்னிரண்டு கலண்டர் தாள்களையும் விறாந்தையில் வரிசையாகப் பரப்பிவிட்டு, ஜெயரூபி அக்காவைக் கூப்பிட்டேன்.

யாராவது பாராட்ட வேண்டும் போலிருந்தது. கணவர் சதீஸ் வேலைக்குப் போய்விட்டார். மகள் யதுவுக்கு மூன்றரை வயது, அவள் எங்கே வாசிக்கப்போகிறாள்?

முன்பள்ளி நாலு கிலோமீற்றர் தள்ளி, முரசுமோட்டையில். வீட்டில் இருக்கும் ஒரே மோட்டார் சைக்கிள் காலை ஆறு மணிக்கே சதீஸோடு கிளிநொச்சிக்குப் போய்விடும். அதனால் வரும் வருஷம் முழுக்க, மொண்டிசோரி முறையில் வீட்டிலேயே நான் படிப்பிப்பது என்று முடிவெடுத்தேன். மூன்று மாதம் போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன்.

பழைய கலண்டரின் பின்பக்கத்தில் மாதத்துக்கு ஒரு தாள். தையில், ஒரு குவளையிலிருந்து மற்றக் குவளைக்கு அரிசி மாற்றுவது. மாசியில், சட்டைப் பொத்தான் பூட்டுவது. பங்குனியில், தட்டில் மணல் பரப்பி விரலால் 'அ' எழுதுவது.

அந்த மணலை மூன்று தரம் அரித்தேன். பிறகு தாச்சியில் போட்டு வறுத்தும் எடுத்தேன்.

"அப்பிடியே கச்சான் கடலையும் போடுமன்," என்று சதீஸ் பகிடி விட்டார்.

ஜெயரூபி அக்கா எதிர்வளவு. தங்கமான மனிசி. விடியமுன் வாகனம் வந்து வேலைக்கு ஏற்றிக்கொண்டு போகும், பின்னேரம் மூன்று மணிக்கு வந்துவிடுவார்.

அவரில் எனக்கு ஒரேயொரு கோபம். எப்போது வந்தாலும் முதலில் என் முகத்தைப் பார்க்கமாட்டார். முற்றத்தைப் பார்ப்பார், அதுவும் மூலைக்கு மூலை. நான் கூட்டினது சரியில்லையாக்கும் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் வருகிற நேரம் பார்த்து, வேண்டுமென்றே இன்னொரு தரம் கூட்டி வைப்பேன்.

அன்றைக்கும் அதே பார்வைதான். பார்த்துவிட்டு ஏறி வந்து, நிலத்தில் முழங்காலூன்றி, பன்னிரண்டு தாளையும் ஒவ்வொன்றாக வாசித்தார்.

"வடிவா எழுதியிருக்கிறாய் பிள்ளை. ஆனா இதில ஒரு நாளும் யது முற்றத்தில இறங்கேல்லையே?"

அதெப்படி இருக்கும் என்று குனிந்து பார்த்தேன். தையிலிருந்து மார்கழி வரை தேடினேன். இல்லைத்தான்.

வீடியோவில் முதலாவது பாடமே அதுதான். பிள்ளையிடம் ஒரு பெட்டியைக் கொடுத்து வெளியே விடுங்கள், நிலத்தில் கிடப்பதை விரும்பியபடி பொறுக்கட்டும் என்று அந்த அம்மா சிரித்துச் சிரித்துச் சொல்லுவா. பத்துத் தரம் பார்த்திருப்பேன். எழுதாமல் விட்டது எனக்கே தெரியவில்லை.

என் தம்பி நிரோஜனுக்கு வலக்கையில் இரண்டு விரல்தான். சண்டை முடிந்து மீளக்குடியேறி வந்த மூன்றாம் மாதம், பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஒழுங்கைக் கரையில் ஏதோ மினுங்கியது. அவனுக்கு எட்டு வயது, எனக்குப் பன்னிரண்டு.

"எடடா," என்று சொன்னது நான்.

யது பேசிய முதல் சொல் 'அம்மா'. இரண்டாவது 'தொடாதை'. கோழியைப் பார்த்தும் சொல்வாள், பொம்மையைப் பார்த்தும் சொல்வாள். படலை வரைக்கும் அவளை இடுப்பில்தான் கொண்டு போவேன். வெடிபொருள் எல்லாம் எடுத்தாயிற்று, காணி துப்பரவு என்று கடிதம் அலுமாரியில் இருக்கிறது. கடிதத்தில் இருப்பது யாருடைய கையெழுத்தோ, யார் கண்டது?

இதெல்லாம் அக்காவுக்குச் சொல்லவில்லை. பயமாயிருக்கு என்று மட்டும் சொன்னேன்.

அக்கா திரும்பவும் முற்றத்தைப் பார்த்தார்.

"இந்த வளவு நான் செய்தது பிள்ளை. முழங்காலில இருந்து, சாண் சாணா, இருபத்தாறு நாள். அந்த வேம்படியில மட்டும் ஏழு எடுத்தனான்."

அக்கா கண்ணிவெடி அகற்றப் போகிறவர் என்பது ஒழுங்கைக்கே தெரியும். எங்கள் மண்ணிலும் அவர் கை பட்டிருக்கிறது என்பது எனக்குத் தெரியாது.

"ஒரு சின்னக் கால் அடையாளம் கிடக்கோ எண்டுதான் ஒவ்வொருநாளும் பார்க்கிறனான். நீ என்னடாவெண்டால் கூட்டிக் கூட்டி வைச்சிருக்கிறாய்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இப்படியொரு மனிசியை எதிர்வளவில் வைத்துக்கொண்டு, விளக்குமாற்றோடு நின்று கோபித்திருக்கிறேனே! காய்த்துப்போன அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கள் நல்லாயிருக்கோணும் அக்கா," என்றேன்.

பிறகு ஒரு பனையோலைப் பெட்டியை யதுவிடம் கொடுத்து, படியில் கொண்டுபோய் இறக்கினேன்.

காலையில் பெய்த மழையில் முற்றம் ஈரமாக இருந்தது. அவள் ஒரு காலை வைத்தாள். மற்றக் காலையும் வைத்தாள். வேம்படியில் கிடந்த ஒரு நத்தை ஓட்டைக் கண்டு, கையை நீட்டப் போய், நிறுத்தினாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"தொடாதை?"

அக்கா என் பக்கத்தில் நின்றார்.

"எடு," என்றேன். சத்தம் வரவில்லை. இன்னொரு தரம் சொன்னேன். "எடம்மா."

எடுத்தாள். பெட்டியில் போட்டாள். பிறகு ஒரு வேப்பம் குச்சி, ஒரு கல், கோழி இறகு ஒன்று. பெட்டி நிறைந்த பிறகும் அவள் உள்ளே வரவில்லை.

அக்கா போனதும், தை மாதத் தாளின் தலைப்பில் 'முற்றம்' என்று பெரிதாக எழுதினேன்.

அன்றைக்கு நான் முற்றம் கூட்டவில்லை.