பரம்பரை இல்லை

"எனக்கு நுரையீரல் நோய்னு தெரிஞ்சதும், பரம்பரை வியாதின்னு மக சம்பந்தத்தை நிப்பாட்டிட்டாக தாயி," என்றார் பட்டாசு ஆலை முதலாளி செந்தூர்பாண்டி.

மரபணு ஆய்வாளர் ஜெபிஷா அறிக்கையை நீட்டினாள். "உங்க மரபணுவையும், எந்த மாத்திரைக்கு நோய் எப்படி அடங்குச்சுங்கிறதையும் சேத்து வச்சுப் பாத்துட்டேன். பரம்பரை இல்ல. உங்க ஆலைத் தூசிதான் காரணம்."

அவர் முகம் மலர்ந்தது. "அப்பாடா! இதை யாருக்கு வேணாலும் காட்டுங்க."

"அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

போட்டார்.

"ஒரு நகல் சம்பந்தி வீட்டுக்கு. இன்னொண்ணு கோர்ட்டுக்கு."

"கோர்ட்டுக்கா?"

"உங்க ஆலையில வேலை பாத்து, இருமி இருமியே செத்தாகளே அன்னபாக்கியம். 'தூசியால யாருக்கும் நோய் வராது, அது அவுக பரம்பரை வியாதி'ன்னு ஆறு வருசமா கோர்ட்டுல சொல்லுதீகளே. அவுக மக நான்."