பக்கத்து மேஜை

ஏழாம் வகுப்பு படிக்கும் தென்றலின் சயின்ஸ் ப்ராஜெக்ட்டை முடிப்பதற்குள் அவள் அப்பா வெங்கடாசலத்துக்கு இடுப்பு விட்டுப் போய்விட்டது.

முருங்கை விதைப் பொடியை வைத்து அழுக்குத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் இயந்திரம். மோட்டார், பம்பு, கலர் கலராக விளக்கு. ஹூஸ்டன் ஆயில் கம்பெனியில் இத்தனை வருஷம் குப்பை கொட்டிய அனுபவத்தை எல்லாம் மனிதர் அதில் இறக்கியிருந்தார். நடுவில் ஒருநாள் தென்றல் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கப் போனாள்.

"தொடாதே கண்ணு, கெடுத்துருவே! பக்கத்துல நின்னு சிரிச்சாப் போதும்."

மனைவி தாமரைச்செல்விக்குத்தான் பொறுக்கவில்லை. "ஏனுங்க, வடிகட்டியக் காணோம், டம்ளரக் காணோம், சாமி மணியக் காணோம். அடுப்பு ஒண்ணுதான் பாக்கி. அதையும் தூக்கிட்டுப் போயிருங்க!"

"இது சயின்ஸ். உனக்குப் புரியாது."

ஹூஸ்டனை ஒட்டிய பேர்லேண்ட் பக்கத்தில் தென்றல் படிக்கும் மேக்னெட் மிடில் ஸ்கூல் கொஞ்சம் விசேஷமான அரசுப் பள்ளி, குலுக்கலில்தான் இடம் கிடைக்கும். பழைய கால ஒழுக்கம் என்று அவர்களுக்கு ரொம்பப் பெருமை. சட்டையை உள்ளே விட்டிருக்க வேண்டும், வராந்தாவில் வாயைத் திறக்காமல் வரிசையில் போக வேண்டும், ப்ராஜெக்ட் வைக்காவிட்டால் அடுத்த வருஷம் ஸீட் கிடையாது. ப்ராஜெக்ட்டைப் பிள்ளைகள்தான் செய்ய வேண்டும் என்றும் ஒரு விதி இருந்தது. நம்மூர் அப்பாக்கள் அதைப் படித்துவிட்டுச் சிரித்துக்கொள்வார்கள்.

போன வருஷம் முதல் பரிசு ராமசுப்ரமணியனுக்கு. அதாவது, அவர் பையன் ஷ்ரேயஸுக்கு. பேர்லேண்ட் மீனாட்சி கோயில் பிரசாத வரிசையில் பார்க்கும்போதெல்லாம் மனிதர் தோளைத் தட்டுவார். "அடுத்த வருஷம் ட்ரை பண்ணுங்கோ, வெங்கட்!" இந்த வருஷமும் தோற்றால் கோயிலையே மாற்ற வேண்டியதுதான் என்ற நிலைமைக்கு வெங்கடாசலம் வந்திருந்தார். அந்த ராமசுப்ரமணியனை இப்போது பத்து நாளாக வாட்ஸ்அப் குரூப்பில் ஆளையே காணோம். கமுக்கமாக என்னமோ பெரிதாகப் பண்ணுகிறான்!

வியாழக்கிழமை சாயங்காலம், ஜிம்மில் நாற்காலி போட வாலண்டியர் வேண்டும் என்று பள்ளி கேட்டதும், முதல் ஆளாக ஓடினார். வீட்டில் ஒரு தட்டை நகர்த்தி வைக்காதவர்.

பிள்ளைகள் மத்தியானமே ப்ராஜெக்ட்டுகளை அடுக்கிவிட்டுப் போயிருந்தார்கள். நடுவர்கள் பாரபட்சம் காட்டக் கூடாதாம், அதனால் எதிலும் பெயர் கிடையாது, நம்பர் மட்டும்தான். அதனால் என்ன? முருங்கை இயந்திரம் தூரத்திலேயே பளபளத்தது. "ஷ்ரேயஸுக்கு என் பக்கத்து டேபிள்" என்று தென்றல் முன்பே சொல்லியிருந்தாள்.

பக்கத்து மேஜையைக் குனிந்து பார்த்தார்.

தயிர் டப்பா, குச்சி, வீட்டுக்கு வீடு இருக்கும் ஒரு பித்தளை மணி. அவ்வளவுதான். தெருவில் மழைத் தண்ணீர் ஏறினால் டப்பா மிதந்து மேலே வந்து குச்சியைத் தள்ளும், குச்சி மணியை ஆட்டும். புயலில் கரண்ட் போனாலும் வேலை செய்யும் வெள்ள அலாரம்! பாட்டில் தண்ணீரை ஊற்றிப் பார்த்தார். கணீரென்று அடித்தது.

அடப்பாவி, என்ன மூளை! அதிலும் பாருங்கள், குழந்தை செய்தது மாதிரியே கோணல்மாணலாகப் பசை தடவி ஒட்டியிருக்கிறான். நடுவர்களை ஏமாற்ற என்ன தந்திரம்! இப்படி ஒரு ஃப்ராடை அவனே செய்யும்போது நாம் சும்மா இருந்தால் அது பாவமில்லையா?

சுற்றிலும் பார்த்தார். எல்லோரும் நாற்காலியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். மணியின் நாக்கைக் கொக்கியிலிருந்து சத்தமில்லாமல் கழற்றி, ஜாக்கெட் பையில் போட்டுக்கொண்டார். பிறகு போய், மனசாட்சிக்கு விரோதமில்லாமல் இன்னும் நாலு நாற்காலி போட்டார்.

மறுநாள் சாயங்காலம் அதே ஜிம்மில் பரிசளிப்பு. அதே ஜாக்கெட்டில் வெங்கடாசலம் முன்வரிசைக்கு அடுத்த வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"முதல் பரிசு... ஷ்ரேயஸ்!"

அடிக்காத மணிக்கா முதல் பரிசு? அப்போதுதான் இரண்டு டீச்சர்கள் பரிசு பெற்ற ப்ராஜெக்ட்டை மேடைக்குத் தூக்கி வந்தார்கள்.

முருங்கை இயந்திரம்!

"திருட்டு! அது என்னோடது!" என்று எழுந்து நின்று கத்தினார். தமிழில் கத்தியதால், முன்வரிசை வெள்ளைக்காரத் தம்பதி அவர்தான் பையனுக்கு அப்பா போலிருக்கிறது என்று திரும்பிக் கை தட்டினார்கள்.

தென்றல் ஓடி வந்து அவர் கையைப் பிடித்து இழுத்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "டாட், ஸ்டாப்! நான்தான் அவனுக்குக் குடுத்தேன். அவன் அப்பா விசா ஸ்டாம்பிங்குக்குப் போய் இண்டியால மாட்டிக்கிட்டார். ப்ராஜெக்ட் இல்லைன்னா ஸீட் போயிடும்னு அழுதான்."

"அதுக்கு என் ப்ராஜெக்ட்டைத் தூக்கிக் குடுப்பியா?"

"யா, உங்க ப்ராஜெக்ட்தானே? என்னைத் தொடவே விடலையே."

"அப்ப நீ எதை வச்சே?"

தென்றல் உதட்டைக் கடித்துக்கொண்டு, இயந்திரம் இருந்த இடத்துக்குப் பக்கத்து மேஜையைக் காட்டினாள். "அது. ஃபுல்லா நானே பண்ணேன், அப்பா. உங்களுக்கு ஸர்ப்ரைஸ். நேத்து நல்லா அடிச்சுது. ஜட்ஜஸ் வந்தப்போ அடிக்கவே இல்ல..." விம்மினாள்.

தாமரைச்செல்வி எழுந்து அந்த மேஜைக்குப் போனாள்.

"அட, நம்ம சாமி மணி!" என்று கையில் எடுத்து ஆட்டினாள். சத்தமே வரவில்லை. கவிழ்த்துப் பார்த்தாள். "ஏனுங்க, இங்க பாருங்க! பச்சப்புள்ள பண்ணி வச்சதுல நாக்கைக் கழட்டிட்டுப் போயிருக்கான், எந்தப் பாவியோ!"

பாவி, ஜாக்கெட் பைக்குள் விட்ட கையை வெளியே எடுக்கவே இல்லை.